தொண்ணூத்தேழு சதவீதம்

நகர வேணாம், உக்காருங்க. பெஞ்சு நகராட்சியோடது, என்னோடது இல்ல. பையை மட்டும் மடியில வெச்சுக்கங்கன்னேன், அவ்வளவுதான். உங்களை எங்கயும் போகச் சொல்லல. போனாலும் எங்க போவீங்க? உள்ள கவுன்சில் கூட்டத்துல நிக்கக்கூட இடமில்ல. இடமே இல்லாத ஊருன்னு எழுதினது நீங்கதானே, அனுபவிங்க.

தெரியாம என்ன? நல்லாத் தெரியும். கார் எண்ணற கம்பெனிக்காரர். மினியாபோலிஸ்லேர்ந்து வந்து, எங்க மெயின் ரோட்டை ஒரே ஒரு நாள் எண்ணிட்டு, அறுபது பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டுப் போன மகராசன். இன்னிக்கு ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடி விளக்கம் சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. சரிதானே? பாருங்க, தலை தன்னால ஆடுது.

என் பேரு மார்லிஸ். மூணாவது தெரு முக்குல ஒரு லாண்டரி இருக்கே, பன்னெண்டு மிஷின், எட்டு டிரையர், வாசல்ல நீலப் பலகை, அது என்னோடது. மேல மாடியில வீடு. உங்க ரிப்போர்ட்ல அதுக்குப் பேரே வேற. பரிந்துரைக்கப்பட்ட இடம். படம்கூடப் போட்டிருக்கீங்க, பார்த்தேன். என் கடை இருக்கற இடத்துல சாம்பல் கலர்ல நாலு மாடி பார்க்கிங் கட்டடம், வாசல்ல ரெண்டு மரம், ஒரு பொண்ணு குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போறா. அந்தப் பொண்ணு யாரு? இந்த ஊர்ல எல்லாரையும் எனக்குத் தெரியும், அவளைத் தெரியல. மரத்துல பச்சைப் பசேல்னு எலை வேற. இப்ப வெளிய போயி பாருங்க, ஜனவரி மாசம் எங்க ஆல்டர் ஃபால்ஸ் ஊர்ல எலை எப்படி இருக்குன்னு.

நான் ஒண்ணும் கத்தல. இது என் சாதாரண கொரலு. இருபத்திரெண்டு வருஷம் டிரையர் ஓடற சத்தத்துக்கு மேல பேசிப் பேசி இப்படி ஆயிருச்சு.

என் நம்பர் பதினொண்ணு. இப்ப ஆறாவது ஆளு பேசிட்டிருக்கான், ஸ்பீக்கர்ல கேக்குதுல்ல, அந்தப் பூக்கடைக்காரன்தான். ஆளுக்கு மூணு நிமிஷம். பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தா மைக்கை அமத்திருவாங்க. இருபத்திரெண்டு வருஷக் கடையை மூணு நிமிஷத்துல காப்பாத்தணும். ஏழு கவுன்சிலர்ல நாலு பேரு கையைத் தூக்கினா முடிஞ்சுது. நான் விக்க மாட்டேன்னு சொன்னாலும் சட்டப்படி எடுத்துக்குவாங்களாம், வக்கீல் சொல்லிட்டாரு. எதை வெச்சு எடுப்பாங்க? உங்க நம்பரை வெச்சு. தொண்ணூத்தேழு சதவீதம். முன்னூத்திப் பதினெட்டு இடத்துல முன்னூத்தி ஒம்பதுல கார் நின்னுச்சு. இந்த ஊர்ல அவனவன் கல்யாண நாளை மறந்தாலும் மறப்பான், தொண்ணூத்தேழை மறக்க மாட்டான். இப்பப் பாருங்க, பூக்கடைக்காரனும் சொல்றான். கேட்டீங்களா? தொண்ணூத்தேழு.

அவன் காரு எங்க நிக்குதுன்னு கேளுங்க. காலையில எட்டு மணிக்கு அவன் கடை வாசல்லயே நிறுத்துவான், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எடுப்பான். மருந்துக்கடை அம்மாவும் அப்படித்தான், பேங்க் மேனேஜரும் அப்படித்தான். வாடிக்கைக்காரங்க நிறுத்தற இடத்துலயெல்லாம் இவங்களே நிறுத்திக்கிட்டு, அய்யோ இடமில்லையே, ஜனங்க திரும்பிப் போறாங்களேன்னு அழுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு துணி மடிக்கற பொழப்பு. ரோட்டைப் பார்க்காம வேற எதைப் பார்ப்பேன்? ஒவ்வொரு வண்டி நம்பரும் மனப்பாடம். நீங்க வந்த வெள்ளை வண்டி வெளிய மூணாவது மீட்டர்ல, அந்தக் காசு போடற கம்பத்துகிட்ட நிக்குது, கடைசி மூணு எண்ணு அறுநூத்தி ரெண்டு. ஆமாவா இல்லையா?

நம்ப முடியலையோ. நானா கத்துக்கிட்டதில்ல, இங்க மீட்டர் பார்த்த ஆளு ஒருத்தர் இருந்தாரு, அவர்கிட்டேர்ந்து வந்த பழக்கம். ஆர்னேன்னு பேரு. ஊரே சாக்பீஸ் ஆர்னேன்னுதான் கூப்பிடும். முதுகுக்குப் பின்னாடியெல்லாம் இல்ல, மூஞ்சிக்கு நேராவே. ஒரு நீளக் குச்சி, நுனியில சாக்பீஸ். டயர்ல ஒரு கோடு இழுத்துட்டுப் போவாரு. ரெண்டு மணி நேரந்தான் நிறுத்தலாம், அது கழிச்சு அதே குச்சியோட வருவாரு. கோடு அதே இடத்துல இருந்தா சீட்டு, அபராதம். கடைக்காரங்க என்ன பண்ணுவாங்க, அந்தப் பக்கம் அவரு தலை மறைஞ்சதும் ஈரத்துணியை எடுத்துட்டு ஓடிவந்து கோட்டைத் துடைப்பாங்க. மருந்துக்கடை அம்மா ஒரு ஜனவரியில துணிக்குப் பதிலா ஒரு குவளைத் தண்ணியை எடுத்து டயர்ல ஊத்திட்டா. பூஜ்யத்துக்குக் கீழ இருபது டிகிரி அன்னிக்கு! டயரு ரோட்டோட சேந்து ஒட்டிக்கிச்சு. அன்னிக்கு ரெண்டு சீட்டு, மறுநாள் காலையில ஒரு சீட்டு.

சிரிங்க, பரவாயில்ல. ஊரே சிரிச்சுது. ஆனா திட்டும் வாங்கினாரு, கொஞ்சநஞ்சமில்ல. இருபத்தாறு வருஷம். காப்பிக் கடையில அவரு உள்ள வந்தா பேச்சு நின்னுரும். கிறிஸ்மஸுக்கு ஊர்ல தபால்காரனுக்கு டப்பா டப்பாவா பிஸ்கட் வரும், குப்பை வண்டிக்காரனுக்கு வரும், அவருக்கு ஒரு வருஷம் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ள சாக்பீஸ். பாஸ்டருக்கும் சீட்டு எழுதினாரு, மேயர் அம்மாவுக்கும் எழுதினாரு. எனக்கே மூணு தடவை எழுதியிருக்காரு. மத்தியானம் என் கடை ஜன்னலோரம் உக்காந்து என் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுட்டு, வெளிய போயி என் வண்டிக்கே சீட்டு எழுதி வைப்பாரு, அவ்வளவு பிடிவாதம். மூணையும் கட்டினேன். கட்டாம விட்டா சும்மா விடற ஆளா.

ஆனா இன்னொண்ணும் சொல்லணும். குளிர்ல பேட்டரி செத்துப்போயி வண்டி கிளம்பாம யாராவது நின்னா, முதல்ல சீட்டு எழுதுவாரு. எழுதிக் கண்ணாடியில சொருகிட்டு, அப்புறம் தன் வண்டியை ஓட்டிட்டு வந்து ஒயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் குடுப்பாரு. அரை மணி நேரம் ஆனாலும் கூடவே நிப்பாரு. மூக்கு செவந்துபோயி நிக்கும். சீட்டை மட்டும் கிழிக்க மாட்டாரு. கிழிச்சா எல்லாருக்கும் கிழிக்கணும்பாரு.

சரி, நம்ம விஷயத்துக்கு வரேன். ஒரே ஒரு நாள் எண்ணினா போதுமா? என்னது? அதான் முறையா? ஓஹோ. திருவிழா இல்லாத நாளு, மழை இல்லாத நாளு, பள்ளிக்கூட லீவு இல்லாத நாளாப் பார்த்து எடுப்பீங்க. பனி விழறதுக்கு முன்னாடி எடுப்பீங்க. அதுல ஒண்ணும் தப்பு சொல்ல முடியாது. சாதாரண நாளா இருக்கணும். சாதாரண வியாழக்கிழமை.

நேத்து மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நானும் எண்ணினேன். கடையைப் பூட்டிட்டு, இந்தக் காலு வலியோட, முன்னூத்திப் பதினெட்டு இடத்தையும் நடந்தே பார்த்தேன். நூத்தி எழுவத்தொண்ணு. முந்தாநாளு நூத்தி அறுவத்தாறு. பாதிக்கு ஒரு பத்துப் பன்னெண்டு கூட, அவ்வளவுதான். ஜனவரிங்கறதால குறைச்சலா? போங்க தம்பி. குளிர்ல தான் ஒருத்தனும் நடக்க மாட்டான், கடை வாசல்லயே நிறுத்துவான். இருபத்திரெண்டு வருஷத்துல இந்த ரோடு நெறஞ்சு நான் பார்த்ததே இல்ல. ஒரே ஒரு நாளு நெறஞ்சுது, அன்னைக்கு நான் ஜன்னல்ல இல்ல.

இருங்க, ஏழாவது ஆளு முடிச்சுட்டான். இப்ப நடுவுல பேசறது கவுன்சிலரு, ரோல்ஃப் ட்வெயிட். கொரலைக் கேட்டாலே தெரியும், ரேடியோவுல அவன் கார் விளம்பரம் அவனேதான் பேசுவான். கார் விக்கறவன் கார் நிறுத்த இடம் கேக்கறான், இதுல என்ன ஆச்சரியம். டிசம்பர் கூட்டத்துல நான் பின்வரிசையில உக்காந்திருந்தேன். இதே கட்டடத்தைப் பத்திப் பேசும்போது சொன்னான், ஊரைப் புடிச்ச சாக்பீஸ் தொல்லை ஒருவழியா ஒழிஞ்சுது, இனிமேலாவது நிம்மதியா நிறுத்த ஒரு இடம் கட்டுவோம்னான். சபையே சிரிச்சுது. மேயர் அம்மா மட்டும் சிரிக்கல, குனிஞ்சு ஏதோ எழுதற மாதிரி இருந்தா. நான் கோட்டை மாட்டிக்கிட்டு எழுந்து வந்துட்டேன். கையுறையை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன், வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வெரலு மரத்துப்போச்சு.

அன்னைலேர்ந்து இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நான் சரியாப் பேசறதில்ல. துணியைக் குடுத்தா வாங்குவேன், மடிச்சுக் குடுப்பேன். அவ்வளவுதான் உறவு.

உங்க ரிப்போர்ட்டை நான் தேடிப்போயி படிக்கல. முந்தாநாளு எவனோ அஞ்சாம் நம்பர் டிரையர் மேல விட்டுட்டுப் போயிட்டான். கவுன்சிலருங்க முதல் ரெண்டு பக்கத்தோட நிறுத்தியிருப்பாங்க. எனக்கு டிரையர் முடிய நாப்பது நிமிஷம் இருந்துச்சு, கடைசி வரைக்கும் படிச்சேன். நாப்பத்தோராம் பக்கத்துல தேதி. அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, காலை ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். மணிக்கு ஒரு தடவை சுத்தி வந்து, நின்ன வண்டி ஒவ்வொண்ணோட நம்பரையும் குறிச்சதா எழுதியிருக்கீங்க. நீங்களேதான் நடந்தீங்களா? நல்லது. அடுத்த பக்கத்துல, மீட்டர்ல காசு போடாம ரொம்ப நேரம் ஒரே இடத்துல நின்ன பத்து வண்டியோட பட்டியல். நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஒரு வரி. படிச்சுப் படிச்சு எனக்கு அப்படியே வருது. ஆய்வு நாள் முழுவதும் அபராத அலுவலர் எவரும் பணியில் காணப்படவில்லை, நகராட்சியின் கண்காணிப்பு மெத்தனமாக உள்ளது.

மெத்தனமா?

ஏன்யா, உனக்குக் கண்ணு இல்லையா? பத்தரை மணிக்கு ஊர்ல இருக்கறவனெல்லாம் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரே பக்கமா நடந்தா, என்ன ஏதுன்னு ஒருத்தனை நிறுத்திக் கேக்க மாட்டியா? வண்டி நம்பரைப் பார்த்தியே, அதுலேர்ந்து எறங்கற மனுஷன் மூஞ்சியைப் பார்த்தியா? லூத்தரன் சர்ச் மணி பதினோரு மணிக்கு எத்தனை நேரம் அடிச்சுது தெரியுமா? அதுவும் காதுல விழலையா? மெத்தனமாம்.

மன்னிச்சுக்கங்க. கோவத்துல வா போன்னு வந்துருச்சு.

இருபத்தாறு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு வியாழக்கிழமை லீவு எடுத்ததில்ல. காய்ச்சல்ல எடுத்ததில்ல, எங்க கல்யாணத்துக்கு மறுநாள்கூட எடுத்ததில்ல. அன்னைக்கு அவரு ஏன் வேலைக்கு வரலைன்னா, பெட்டிக்குள்ள படுத்திருந்தாரு. முதல் வரிசையில நான் உக்காந்திருந்தேன்.

உக்காருங்க. நீங்க எழுந்து நின்னா அவரு எழுந்து வரப்போறாரா? உக்காருங்க தம்பி.

ஆமா, என் வீட்டுக்காரரு. ஆர்னே ஹாகன். திங்கக்கிழமை சாயங்காலம் குச்சியைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னாடி சாத்தினாரு, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னாரு, அவ்வளவுதான். வியாழக்கிழமை சர்ச்ல வெச்சோம். அடக்கம் மறுநாளு, குடும்பத்தோட மட்டும். சர்ச் பெண்டுங்க கேட்டாங்க, சாப்பாடு எத்தனை பேருக்குன்னு. நாப்பதுன்னு சொன்னேன். சொல்லும்போதே ஜாஸ்தி சொல்றமோன்னு இருந்துச்சு. சாக்பீஸ் ஆர்னேக்கு எவன் வருவான்? ஹாம் பன்னு முதல் பந்தியிலேயே தீர்ந்துபோச்சாம், ஓடி ஓடிப் போயி வாங்கிட்டு வந்தாங்களாம். அப்புறந்தான் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே பதியல. தலையை நிமிர்த்திப் பார்க்கல. கீழ்த்தளத்துல ஒரு மூலையில உக்காத்தி வெச்சாங்க, ஒவ்வொருத்தரா வந்து கையைப் புடிச்சாங்க. கை கையா வந்துச்சு. எது யாரு கைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

உங்க பத்து வண்டிப் பட்டியல் இருக்கே, அதுல முதல் நம்பரு, காலை பத்துலேர்ந்து மத்தியானம் மூணு வரைக்கும் சர்ச் வாசல்லயே நின்னு மீட்டர்ல காசு போடாத வண்டி, அது யாரோடதுன்னு நெனைச்சீங்க? பொணம் கொண்டுபோற வண்டி. அவரைக் கொண்டுவந்த வண்டியையும் எண்ணி, எங்க ஊர்ல இடம் பத்தலைன்னு எழுதியிருக்கீங்க.

ரெண்டாவது நம்பரு என்னோடது. ஏழாவது நம்பரைப் பார்த்ததும் டிரையர் பக்கத்துலயே உக்காந்துட்டேன். நாலு மணி நேரம் நின்னுருக்கு. ரோல்ஃப் ட்வெயிட்டோட சிவப்பு பிக்கப் வண்டி. கடைசி வரைக்கும் இருந்திருக்கான். அவன்கூட வந்து என் கையைப் புடிச்சிருப்பான், எனக்குத்தான் தெரியல. அப்புறம் எதுக்கு அப்படிப் பேசினான்? அதையும் யோசிச்சுட்டேன். வருஷா வருஷம் அவரை வெச்சு அதே மாதிரிதான் கேலி பேசுவான். அவரு உயிரோட இருந்தா எழுந்து போயி அவன் வண்டிக்கு ஒரு சீட்டு எழுதிட்டு வந்திருப்பாரு, ரெண்டு பேரும் சமம். பதில் குடுக்க ஆளு இல்லைங்கறதை அவன் மறந்துட்டான்.

உள்ள போயி சொல்லத்தான் போறேன், அதுல சந்தேகம் வேணாம். முன்னூத்தி ஒம்பதுல நூத்தி எழுவத்தொண்ணு போனா மிச்சம் எத்தனை? நூத்தி முப்பத்தெட்டு வண்டி. அது பார்க்கிங் தேவை இல்ல, என் வீட்டுக்காரரு சாவுக்கு வந்த கூட்டம். அதை வெச்சு என் வீட்டை இடிக்க விடமாட்டேன். எனக்கு மூணு நிமிஷம் எதுக்கு, அரை நிமிஷம் போதும். இல்லைன்னா நீங்களே எழுந்து சொல்லுங்க, எண்ணின நாளு தப்புன்னு. உங்க வாயால வந்தா நாலு கை என்ன, ஒரு கைகூட எழும்பாது. என்ன? சொல்றீங்களா? மறுபடி எண்ணணும்னு சொல்றீங்களா? சரி. அதை உள்ள வந்து சொல்லுங்க, காதால கேட்டப்புறம் நம்பறேன்.

இல்ல, அதுக்காக உங்க பக்கத்துல வந்து உக்காரல.

சர்ச் வாசல்ல கையெழுத்துப் புஸ்தகம் வெச்சிருந்தாங்க. வந்தவங்க பேரு எழுதணும், அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தருக்கும் நன்றின்னு ஒரு அட்டை எழுதிப் போடறது. அதைச் செய்யாதவளை இந்த ஊர்ல பொம்பளையாவே மதிக்க மாட்டாங்க. பேனா மை தீர்ந்துபோச்சோ, வரிசை நீளம்னு எழுதாம உள்ள போனாங்களோ, புஸ்தகத்துல நாப்பத்தொரு பேருதான் இருக்கு. நாப்பத்தொரு அட்டை எழுதிட்டேன். மிச்ச அட்டை மூணு மாசமா சமையல் மேஜை மேல கெடக்கு. நாப்பத்தொருத்தர்தான் வந்தாங்கன்னு நெனைச்சுக்கிட்டு நான் இந்த ஊரையே கரிச்சுக் கொட்டிட்டு இருந்திருக்கேன்.

பட்டியல்ல பத்து வண்டிதான் போட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் நீங்க கையால குறிச்ச தாள்ல இருக்கும்ல? அந்தப் பையிலதானே இருக்கு? அப்பவே நெனைச்சேன். எடுங்க. யார்கிட்டயும் காட்ட மாட்டேன்.

படிக்கற கண்ணாடியை வீட்லயே விட்டுட்டேன், எழுத்து கண்ணுக்குத் தெரியாது. ஒம்பதாவது ஆளைக் கூப்பிடறாங்க, கேட்டுச்சா? இன்னும் ரெண்டு பேரு, ஆறு நிமிஷம் இருக்கு. பதினோரு மணிச் சுத்துலேர்ந்து ஆரம்பிங்க. நீங்க நம்பரைப் படிங்க தம்பி, அது யாருன்னு நான் சொல்றேன்.